இருநூறு ரூபாய்ச் சட்டமும் இருபதாண்டுச் சட்டமும்

இந்தப் பேரவையின் முன் வைக்கப்படும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பொருள் மனித உடலுக்குச் செய்யும் தீங்கைப் பார்த்து அரசு தண்டனையை வகுக்கிறதா, அல்லது அந்தப் பொருளை யார் விற்கிறார்கள் என்பதைப் பார்த்து வகுக்கிறதா?

இந்தியாவில் போதைப்பொருளுக்கும் புகையிலைக்கும் தனித்தனியே இரண்டு சட்டங்கள் உள்ளன. காவல் நிலையங்களில் என்.டி.பி.எஸ். எனப்படும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கஞ்சா புகைத்ததற்காகவே ஒருவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. இருபது கிலோவுக்கு மேல், அதாவது ‘வணிக அளவு’ என்று சட்டம் சொல்லும் அளவில் வைத்திருந்தால் பத்தாண்டிலிருந்து இருபதாண்டு வரை கடுங்காவல் என்கிறது. வணிக அளவு வழக்கில், குற்றவாளி அல்ல என்று நம்பப் போதிய காரணம் இருப்பதாக நீதிபதி மனநிறைவு அடைந்தால்தான் ஜாமீன். ஆகவே விசாரணை முடியும் முன்பே ஆண்டுகள் சிறையில் கழிகின்றன. சுகாதாரத் துறையினர் கோட்பா என்று அழைக்கும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமோ, பள்ளி வாசலிலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்றவருக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம் விதிப்பதோடு நின்றுவிடுகிறது.

தீங்கின் கணக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் புகையிலையால் ஆண்டுதோறும் உலகில் எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள்; இந்தியாவில் மட்டும் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். சட்டவிரோதப் போதைப்பொருள்களால் 2019-இல் உலகம் முழுவதும் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ ஆறு லட்சம். புகையிலையைப் பயன்படுத்துவோர் பன்மடங்கு அதிகம் என்பதும், ஹெராயின் ஓர் இரவில் கொல்லும், சிகரெட் முப்பது ஆண்டு எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மையே. கஞ்சாவும் தீங்கற்றதல்ல, வளரும் பருவத்து மூளையை அது குலைப்பதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் மெதுவாகக் கொல்கிறது என்ற காரணத்துக்காக ஒரு பொருளுக்குக் கடை வாசல் திறந்திருப்பதை எந்த நீதியும் ஏற்காது.

அந்தக் கடை வாசலைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். பெட்டிக்கடையின் முன் ஒரு நூலில் லைட்டர் தொங்குகிறது. கண்ணாடிப் புட்டிகளில் மிட்டாயும் முறுக்கும், அவற்றுக்குப் பின்னால் பிரித்து வைத்த சிகரெட் பாக்கெட். பாக்கெட்டின் முகப்பில் எண்பத்தைந்து விழுக்காட்டை நிரப்பிப் புற்றுநோயின் படத்தை அச்சிட வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. ஆனால் பள்ளிச் சீருடையில் வருகிற பையன் வாங்குவது ஒற்றைச் சிகரெட். கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார், படம் கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கண்ணிலேயே அது படுவதில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 1961-இல் ஐ.நா. உருவாக்கிய, போதைப்பொருள் குறித்த ஒற்றை ஒப்பந்தம் கஞ்சாவையும் ஹெராயினையும் காவல்துறையின் பொறுப்பாக்கியது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அது தந்த இருபத்தைந்து ஆண்டுக் கெடு முடிவை நெருங்கும் வேளையில்தான் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதற்கு முன் அரசு உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. இன்றும் அதே செடியின் பூவும் காயும் குற்றம், தனியே எடுத்த இலை குற்றமன்று. அதனால்தான் ராஜஸ்தானில், அந்த இலையில் செய்யும் பாங்கை விற்க உரிமம் பெற்ற கடை பகிரங்கமாக நடக்கிறது. புகையிலைக்கோ 1975-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வாரியமே குண்டூரில் இருந்துகொண்டு சாகுபடியை ஒழுங்குபடுத்தி, ஏலம் நடத்தி, ஏற்றுமதியை வளர்க்கிறது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று பொதுத்துறையின் ஆயுள் காப்பீட்டுக் கழகம். மக்களின் ஆயுளைக் காப்பதாக வாங்கிய பணம் ஆயுளைக் குறைக்கும் தொழிலில் முதலீடாக நிற்பதைக் கண்டு மனம் நோகாமல் இருக்க முடியாது.

சட்டமியற்றியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு மதுவையும் போதைப்பொருளையும் புகையிலையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மருத்துவர் உத்தரவின்றிக் குழந்தைக்கு இவற்றில் எதைக் கொடுத்தாலும் ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. பள்ளி வாசலில் நடக்கும் விற்பனைக்கு அந்தப் பிரிவையல்லவா முதலில் நீட்ட வேண்டும்?

தீர்வு, புகைப்பவரையும் சிறைக்கு அனுப்புவதன்று. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் குடும்பத்தைக் காக்கும் பெண்கள் மீதும் பழி விழக் கூடாது. மாற்றுத் தொழில் தருவது அரசின் கடமை. சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்ட அடிமைநோயாளர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவே சொல்கிறது. கைதான நாளிலேயே அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பைக் காவல் நிலையம் ஏற்க வேண்டும். சில்லறைச் சிகரெட்டைத் தடுக்கவும், வாங்கும் வயதை இருபத்தொன்றாக உயர்த்தவும், அபராதத்தைக் கூட்டவும் முன்மொழிந்த கோட்பா திருத்த வரைவு 2021-இன் தொடக்கத்தில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அந்த ஆண்டே நிறைவேறியிருக்க வேண்டிய அந்த வரைவைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் எழுப்ப வேண்டும் என்று இந்தப் பேரவை இன்றே தீர்மானம் எழுதி அனுப்பலாம்.