இல்லத்தரசியின் கையில் என்ன இருக்கிறது?
(வெள்ளிவிழாவையொட்டி நடந்த அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் குடும்ப அட்டைகளைப் புதுப்பிக்க வீடு வீடாகச் சென்றபோது, "தொழில்" என்ற கட்டத்துக்குப் பல தாய்மார்கள் நமக்கு அளித்த பதில், "சும்மாதான் இருக்கேன் சாமி" என்பதாகும். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி! மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, நம் நாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் "சும்மா" இருக்கிறார்கள் போலும்.

உழைப்பை இவ்வாறு அளந்துவிடலாம். பணவிஷயத்தில் அந்தத் தாய்க்கு எவ்வளவு தைரியம் இருக்கிறது என்பதை அளப்பதே கடினம். கணவரின் சம்பளத்தைக் கேட்டால் அது தெரியாது. கை நிறையச் சம்பளம் வரும் வீட்டிலும் பிள்ளையின் மருந்துக்குக் கைநீட்டி நிற்கும் மனைவியர் உண்டு. தினக்கூலி வீட்டில் அரிசிப் பானைக்குள் முடிந்துவைத்த பணத்தை நம்பி நிம்மதியாய் உறங்குவோரும் உண்டு.

அரசர்கள் இரண்டாம் நூல் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறாள். கணவர் இறைப்பற்று மிக்கவர்தான்; ஆயினும் கடன் வைத்துவிட்டு இறந்துபோனார். கடன்காரன் இரு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். வீட்டில் அவளிடம் என்ன இருக்கிறது என்று எலிசா விசாரிக்கிறார். நாமும் அங்கேயே தொடங்குவோம். நள்ளிரவில் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டால், யாரையும் கேளாமல் உங்களால் எடுக்க முடியுமா? உங்கள் சங்கிலி கழுத்தில் இருக்கிறதா, அடகுக் கடையில் இருக்கிறதா? வீட்டின்பேரில் எவ்வளவு கடன் என்று தெரியுமா? கணவர் நாளைக்கே படுத்துவிட்டால் எத்தனை மாதம் அடுப்பெரியும்?

கணவன்மார்களே, இன்னொன்று. நாம் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும்பட்சத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். வங்கியில் நாமினியாக எழுதிவைத்த ஒரே காரணத்தால் பணம் முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. இதை அறியாமல், "எல்லாம் அவளுக்குத்தானே" என்று கூறித் திரிவோர் நம் பங்கிலும் ஏராளம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல், மனித உழைப்பு பற்றிய தமது திருமடலில், குடும்பத்தைத் தாங்கும் கூலி வேண்டும், அல்லது முழுநேரமும் குடும்பத்துக்கென உழைக்கும் தாய்மார்களுக்கு உதவித்தொகை போன்ற ஏற்பாடு வேண்டும் என்றார். தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைப் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தத் தொடங்கியபோது, அதை "இலவசம்" என்று எள்ளியவர்கள் இத்திருமடலைப் படித்திருக்கமாட்டார்கள். நாம் அரசியல் பேசவில்லை. தம் பெயரில் ஒரு கணக்கு இருப்பது எத்தகைய தெம்பு என்பதைத் தாய்மார்களின் முகத்திலேயே கண்டோம்.

வரும் ஞாயிறு முதல் அன்பியச் சகோதரிகள் இக்கேள்விகளுடன் வீடு வருவார்கள். பெயர் எழுதமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் கணவன்மார்கள் தெருமுனை வரை நடந்துவிட்டு வரும்படி வேண்டுகிறோம். கதவோரம் நின்று மனைவியின் பதிலைத் திருத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு.