பாட்டும் நிலமும்: குறும்படமாகும் இசைக் காணொளி



இசைக் காணொளி என்பது பாடலை விற்பதற்கான விளம்பரமே என்று கருதுவோர் உளர். அதன் வரலாற்றில் அக்கருத்துக்கு இடமுண்டு. எனினும் 1983ஆம் ஆண்டில் ஜான் லாண்டிஸ் இயக்கி, மைக்கேல் ஜாக்சன் நடித்த 'திரில்லர்' அந்த எல்லையைக் கடந்தது. இசைத்தட்டில் ஏறத்தாழ 6 நிமிடமே ஒலித்த பாடல், திரையில் ஏறத்தாழ 14 நிமிடக் கதையாக விரிந்தது. கதையின் தேவைக்கேற்பப் பாடலின் பகுதிகளே இடம் மாற்றி அமைக்கப்பட்டன. 2009இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் இசைக் காணொளி என்ற சிறப்பையும் அது பெற்றது.

அவ்வாறாயின், கதைமாந்தரும் திருப்பமும் இருந்தால்தான் இசைக் காணொளி குறும்படம் ஆகுமா? இவ்வினாவுக்குத் தமிழிலேயே ஒரு விடை உண்டு.

2017ஆம் ஆண்டு சனவரியில் 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதிய பாடலுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் கருநாடக இசை இராகங்களில் மெட்டமைத்தார். டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கினார்.

'புறம்போக்கு' என்பது வருவாய்த் துறையின் சொல். மேய்ச்சல் நிலம், ஏரி, ஆற்றங்கரை என ஊருக்குப் பொதுவாக, வரிவிதிப்புக்குப் புறத்தே நின்ற நிலத்தை அது குறித்தது. பிற்காலத்தில் பேச்சுவழக்கில் அதுவே மனிதரை இழிக்கும் வசையாயிற்று. பொதுநிலம் மதிப்பிழந்தபோது அதன் பெயரும் மதிப்பிழந்தது. இப்பாடல் அச்சொல்லின் பழம்பொருளை மீட்க முயல்கிறது.

இனி, காட்சியைக் கவனியுங்கள். பாடகர் அமர்ந்திருக்கும் இடம் சபா மேடையன்று, எண்ணூர்க் கழிமுகம். பின்னணியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. இதே பாடலை அரங்கில் பதிவு செய்திருந்தால் நல்லதோர் இசை நிகழ்ச்சி கிடைத்திருக்கும். கழிமுகத்தில் வைத்ததால் அது படமாயிற்று.

தொல்காப்பியம் கற்றோர்க்கு இந்நுட்பம் புதிதன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் கூடிப் பாட்டாவதை நாம் அறிவோம். கடலும் கழியும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். மீனும் உப்பும் புன்னையும் கருப்பொருளாக விளங்கிய நெய்தலில், இன்று சாம்பலும் புகையும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. பாடகர் அழவில்லை, நிலம் இரங்குகிறது. சொல் கூறாததை நிலம் கூறும்போது, கதைமாந்தர் இன்றியும் இசைக் காணொளி குறும்படமாகிவிடுகிறது.

ஒரு பாடலால் ஒரு வசை வழக்கொழிந்துவிடாது. ஆயினும் இதனைக் கண்டவர் அச்சொல்லை வாயில் எடுக்குமுன் சற்றே தயங்குவார். மொழிக்கு அத்தயக்கமும் ஒரு தொண்டே.

மாணவர்களே, பாடலுக்குக் காணொளி எடுக்க முற்படும்போது, 'மழை' என்ற சொல் வந்தவுடன் மழையைக் காட்டாதீர்கள். அது கேட்பவர் காதுக்கு முன்னரே தெரிந்த செய்தி. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தை எண்ணிப் பாருங்கள். மணவிழாவும் இறுதிச்சடங்கும் நடைபெறும் அப்பொதுவிடம் எவருக்கும் தனியுடைமையன்று. அங்கே ஒரு தமிழ்ப்பாட்டை வைத்தால், அவ்விடம் எதைக் கூறும்? அதனைப் படமாக்குங்கள்.