போட்டி மேடையும் பாடகர் பெருமையும்



தொலைக்காட்சிப் போட்டிகளிற் பாடிப் பெயர்பெற்றோரைக் கலைஞர் என மதித்தல் தகுமா என்பது இன்று பலரும் வினவும் வினாவாகும். யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா, 2023ஆம் ஆண்டு ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். ஆயினும் இத்தகைய வெற்றிகளின் பின்னெல்லாம், இவை உண்மையில் இசைக்குரிய வெற்றிகள்தாமா என்னும் ஐயமும் எழவே செய்கின்றது.

அந்த ஐயம் வெறும் பொறாமை அன்று. அம்மேடைகளிற் பாடப்படுவன பெரும்பாலும் பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களே. கைத்தொலைபேசி வாக்குகள் வெற்றியை முடிவு செய்வதும் உண்டு. பாடுவோரின் வறுமையும் கண்ணீரும் பாட்டினும் நீண்டநேரம் காட்டப்படுதலும் உண்டு. இவை குறைகளே. ஆயின் இவை மேடையை அமைத்தோர் குறைகள். பாடுவோர் குறைகள் ஆகா.

பரிசு பெறுதல் கலைக்கு இழுக்கு என்பாரும் உளர். சிலப்பதிகாரத்து மாதவியை நினைவுகூருங்கள். ஐந்து வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, சோழன் அவையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். பரிசு அவள் கலையைத் தாழ்த்தவில்லை. அதற்குமுன் ஏழாண்டுப் பயிற்சி நின்றது.

பயிற்சி மேடைக்குப் பின்னரும் வரலாம். இந்தியாவின் அரிஜித் சிங் 2005இல் 'பேம் குருகுல்' என்னும் தொலைக்காட்சிப் போட்டியிற் பாடி, வெற்றி பெறாது விலகியவர். பின்னர்ப் பல ஆண்டுகள் இசையமைப்பாளர்களுக்கு உதவியாளராக ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்தார். 2013இல் வெளிவந்த 'ஆஷிகி 2' திரைப்படமே அவரை நாடறியச் செய்தது. 2019இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதும் அவரை அடைந்தது. போட்டி அவரைத் தோற்றவர் என்றது. உழைப்பு அத்தீர்ப்பை மாற்றி எழுதியது.

இங்கே என் பிழையொன்றையும் கூறல் வேண்டும். எமது பாடசாலை மாணவி ஒருத்தி இத்தகைய போட்டியொன்றின் தொடக்கச் சுற்றிலேயே விலக்கப்பட்டு மீண்டாள். 'தொலைக்காட்சிப் பாட்டுத்தானே' என எண்ணி, பரிசளிப்பு விழாவில் இறைவணக்கம் பாட அவளை நான் அழைக்கவில்லை. சில நாள்களின் பின், பாடசாலை விட்ட பிற்பகலில் சங்கீத அறைப்பக்கமாக நடந்தேன். அவள் தனியே அமர்ந்து, ஓர் அடியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சுரம் ஓரிடத்தில் நிற்க மறுத்தது, அவளும் விடவில்லை. அங்கே நடுவர் இல்லை. ஒளிப்படக் கருவியும் இல்லை. வாயிலில் நின்ற எனக்கு நாணம் உண்டாயிற்று. அடுத்த ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாடியவள் அவளே.

ஆகவே, நேயர்களே, ஒருவர் எந்த வாயிலால் வந்தார் என்பதைக் கொண்டு அவரை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். வெற்றி பெற்ற பிள்ளையைப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதோடு நம் கடமை முடிவதில்லை. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு மணிநேரம் பாடச்செய்து, பொறுமையுடன் கேட்போம். ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் அழைத்துக் கேட்போம். கலைஞருக்கு உரிய மரியாதை அவ்வாறு கேட்பதிலேயே தொடங்குகின்றது.