வெறுந்தட்டாகத் திருப்பலாமா?

(ஜூபிலி நன்றி விழாவில் ஆற்றிய உரை)



டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரியில் நம் வீடுகளில் அடுப்பு அணைவதில்லை. அதிரசம், முறுக்கு, கல்கல் ஒரு பக்கம். ரவையும் முந்திரியும் ரம்மும் சேர்த்துச் சுடும் நம் ஊர்க் கேக் மறு பக்கம். (ரம்மின் அளவைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, சுவாமியார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.) பண்டிகையன்று இவற்றைத் தட்டில் அடுக்கி, இந்து, முஸ்லிம் அண்டை வீட்டாருக்கெல்லாம் அனுப்புகிறோம். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வருவதே இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது அதில் இருக்கும். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது பாட்டிமார் நமக்குக் கற்பித்த முதல் ஞானோபதேசம். நன்றியைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

ஆனால், நாம் திருப்ப மறந்த தட்டு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. குடிலின் விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. அன்று காலை கடல் எழுந்து வந்தது. நம் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்கும் கற்சுவர் 1735-இல், பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாறைகளைக் கொட்டி அதை வலுப்படுத்தி வந்தார்கள். பேரலை அதன்மேல் மோதித் திரும்பியது. கடற்கரைச் சாலைக்கு இப்பால் இருந்த நாம் பிழைத்தோம். மாலையில் கோயிலுக்கு ஓடி வந்து முழந்தாளிட்டு, "ஆண்டவரே, எங்களைக் காப்பாற்றினீரே" என்று கண்ணீர் விட்டு நன்றி கூறினோம்.

கூறியது சரிதான். ஆயினும் அதே காலையில், நகரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்த குப்பங்களில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்கக் கிறிஸ்துமஸுக்குச் சென்றிருந்த திருப்பயணிகளும் அவர்களில் உண்டு. அவர்கள் செபிக்கவில்லையா? நம்மைவிடக் குறைந்த விசுவாசிகளா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் நம்முடைய நன்றி எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நா எழவில்லை. "எங்கள் செபத்தால் தப்பினோம்" என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறோம். அப்படிச் சொல்லாதிருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.

நம்மைக் காக்க ஆண்டவர் பயன்படுத்தியவை கைகள். பாறை சுமந்த கூலியாட்களின் கைகள். கவர்னர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. கல் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை. 1791-இல் கட்டி முடிந்த நம் சம்பா கோயிலுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள் கதையும் அதுவே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டப்பட்டபோது, அந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. நாம் சிறுவயதில் ஓடி விளையாடிய மணற்கரை கரைந்தது. சாலையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். சுவர் வடக்கே நீண்டது. சுவர் முடிந்த இடத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். படகை ஏற்றி வைக்க இடமில்லை, வலை உலர்த்த மணல் இல்லை, கடலோர வீடுகள் பல இல்லவே இல்லை. நம்மைக் காத்த கல்லே அவர்கள் கரையை அரிக்கவும் காரணமாயிற்று. நாம் நன்றி கூறி நிற்கும் பாதுகாப்பின் விலையை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சுகமடைந்த பத்துத் தொழுநோயாளர்களில் திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் சமாரியன் என்று லூக்கா எழுதுகிறார். மற்ற ஒன்பது பேரும் தீயவர்கள் அல்லர். குருக்களிடம் போங்கள் என்று ஆண்டவர் சொன்னபடியே போனார்கள். கடமையை முடித்தார்கள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டின் கடைசி இரவில் தெ தேயும் பாடிவிட்டு வீட்டுக்குப் போகும் நாமும் அந்த ஒன்பது பேரைப் போலத்தானோ என்று சில வேளை தோன்றுகிறது. நற்கருணையை மேலை மொழிகளில் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அந்த நன்றி, அப்பத்தைப் பிட்டுப் பிறருக்குக் கொடுப்பதில் போய் முடிகிறது.

அன்றாட வாழ்வில் செய்யக்கூடியது எளியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, புத்தாண்டு இருளில் பிறந்ததே! விழுந்த மரங்களை அறுத்து வழி செய்தவர்களையும், மின்கம்பம் நட்டவர்களையும் அன்று கையெடுத்துக் கும்பிட்டோம். விளக்கு எரிந்ததும் மறந்தோம். இரவுச் செபத்தில், இன்று யாருடைய உழைப்பால் உண்டோம், நடந்தோம், உறங்கப் போகிறோம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தெருவைப் பெருக்கும் அம்மாளின் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் மறுநாள் காலையில் போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது திருப்பிக் கொடுக்கும் ஆண்டு. கைவிட்டுப் போன நிலம் உரியவரிடம் திரும்பும். அடிமை தன் குடும்பத்திடம் திரும்புவான். ஆகவே, வரும் திருக்குடும்ப ஞாயிறன்று காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வண்டி நிற்கும். வடக்கே குப்பத்துக்குப் போகிறோம். பலகாரத் தட்டுகளை ஒன்பது மணிக்குள் மாதர் சங்கத்தாரிடம் சேர்த்துவிடுங்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கோரி அங்குள்ளோர் எழுதியிருக்கும் மனுவும் மேசைமேல் இருக்கும். படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு விட்டு வண்டியில் ஏறுங்கள்.