ஒரே பதிவேடு, பல மேசைகள்

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அலுவலகத்துக்கு சர்வர் எதற்கு, அந்தச் செலவு தேவைதானா என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்வது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு நடந்த ஒரு தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். கல்வி உதவி மனுக்களை முன் அறைக் கணினியில் பதிந்து வந்தோம். பணம் வழங்கும் கணக்கு உள் அறைக் கணினியில் இருந்தது. பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றி இங்கிருந்து அங்கே கொண்டு போவோம். ஒருநாள் கொண்டு போனது பழைய பட்டியல். குழு ஒப்புதல் அளித்திருந்த ஒரு மாணவியின் பெயர் அதில் இல்லை. தகப்பனை இழந்த பிள்ளை. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் கடந்த பிறகுதான் தாயார் வந்து வாசலில் நின்றார். அபராதத்துடன் கட்டினோம். அந்த அபராதத்தை அறக்கட்டளைக் கணக்கில் எழுதாமல் நிர்வாகிகளே பகிர்ந்துகொண்டோம். ஆனால் அந்தத் தாய் பட்ட கவலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பிரதிகள் இருந்ததே காரணம்.

இப்போது பட்டியல் ஒரே இடத்தில், சர்வரில் இருக்கிறது. மேசைகளில் உள்ள கணினிகளை கிளையன்ட் என்பார்கள். அவை கேட்கும், சர்வர் எடுத்துக் கொடுக்கும். முன் அறையில் பெயரைச் சேர்த்தால் உடனே உள் அறையிலும் தெரியும்.

இது புதுமையல்ல. ரயில் முன்பதிவு ஒரு காலத்தில் பெரிய பேரேடுகளில் நடந்தது. 1986இல் டெல்லியில் கணினி முன்பதிவு வந்தது. 1999இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. ஒரு கவுன்டரில் கொடுத்த இருக்கையை இன்னொரு கவுன்டர் கொடுக்காததற்கு, எல்லாக் கவுன்டரும் ஒரே பதிவைப் பார்ப்பதுதான் காரணம்.

இரண்டாவது நன்மை, இரகசியம். மருத்துவ உதவி கேட்டு வருபவர் தம் நோயையும் வறுமையையும் நம்மிடம் சொல்கிறார். அது அமானிதம். இப்போது ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். ரசீது போடுபவர் மருத்துவ மனுவைத் திறக்க முடியாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். ஜகாத் கணக்கும் பொது நன்கொடைக் கணக்கும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றனவா என்று தணிக்கையாளர் பார்ப்பதும் எளிது.

மூன்றாவது, பாதுகாப்பு. ஐந்து கணினிகளைத் தனித்தனியாகப் பேக்கப் எடுப்பதைவிட ஒன்றை எடுப்பது சுலபம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே என்பது இத்துறையினர் சொல்லும் விதி. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்த நமக்கு, வெளியே ஒரு பிரதி ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சர்வர் நின்றால் எல்லா மேசையும் நிற்கும். ஆகவே யு.பி.எஸ். வைத்திருக்கிறோம், அன்றாடம் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். பேக்கப்பிலிருந்து தகவல் சரியாகத் திரும்பி வருகிறதா என்று மாதம் ஒருமுறை சோதிக்கிறோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தவறாகப் பதிந்தால், சர்வர் அந்தத் தவற்றையே எல்லா மேசைக்கும் சொல்லும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மனுக் கொடுக்கும்போது மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் சரியா என்று திரையில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். பிறகு எந்த மேசையில் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும். வராவிட்டால் எங்களைக் கேளுங்கள்.

இனி ஒரு தாயும் நம் வாசலில் அப்படி நிற்காமல் இருக்க துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.