கைக்கு எட்டாத போல்ட்



“ஹெட்டை இறக்கணும் சார்” என்று மெக்கானிக் சொன்னதுமே கார் வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எஞ்சின் சூடேறி, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போய்விட்டால் வேறு வழி கிடையாது. உடனே அவர் கேட்பது, “அதுக்கு எதுக்குங்க ரெண்டு நாள்?” அந்த நேரமெல்லாம் எங்கே போகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்களில் அவ்வளவு நேரம் போவதில்லை. 1990களின் ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஹெட் போல்ட் மொத்தம் 10. எஞ்சின் 38 டிகிரிக்குக் கீழே ஆறியபின், வரிசைப்படி ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்கு சுற்றாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஆனால் எல்லாம் மேலிருந்தே பிடிக்கக்கூடிய போல்ட்கள். நேரத்தைத் தின்பவை பிராக்கெட் போல்ட்கள்.

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டின் பக்கவாட்டில் தொங்குகிறது. அது அதிராமல் இருக்க, அடியிலிருந்து பிளாக்கோடு சேர்த்து ஒரு பிராக்கெட் தாங்கிப் பிடிக்கிறது. ஹெட்டோடு மேனிஃபோல்டும் மேலே வர, அந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். இந்த சிவிக்கில் அந்த மேனிஃபோல்டு இருப்பது எஞ்சினின் பின்புறம், டிரைவர் அறையை மறைக்கும் தகட்டை ஒட்டி. மேலிருந்து பார்த்தால் பிராக்கெட் தெரியாது. கீழிருந்து கை விட்டால் விரல் நுனிதான் படும்.

இந்த நெருக்கடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் பிரிட்டனில் வந்த மினி காரில், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்தார். மூன்று மீட்டர் நீளக் காரில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. 1983இல் வந்த நம் மாருதி 800உம் அதே அமைப்புதான். பயணிக்குக் கிடைத்த இடம் மெக்கானிக்கின் கைக்குப் போக வேண்டிய இடம்.

ஆகவே இங்கே பலத்தைவிட யோசனைதான் முதலில் வேண்டும். பிராக்கெட்டுக்கு இரண்டு முனை உண்டு. மேனிஃபோல்டு பக்கம் ஒன்று, பிளாக் பக்கம் ஒன்று. எது கைக்கு வசதியோ அதைக் கழற்றினால் போதும், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது, ஸ்பேனர் எவ்வளவு தூரம் ஆட இடமிருக்கிறது என்ற கணக்கு. 12 முனை ரிங் ஸ்பேனரை ஒருமுறை போட்டுத் திருப்பி எடுக்க 30 டிகிரி வீச்சு வேண்டும். 72 பல் ராட்செட்டுக்கு 5 டிகிரி போதும். ஆனால் போல்ட் தலை துருப்பிடித்திருந்தால் 12 முனை வழுக்கி, தலையை உருட்டிவிடும். ஆறு பட்டை சாக்கெட்தான் முழுப் பட்டையையும் பிடிக்கும். அதை நீளமான எக்ஸ்டென்ஷன் ராடில் மாட்டி, கீழிருந்து நேராகக் கொடுப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். இதற்காகக் காருக்கு அடியில் போகிறவர் வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் படுக்க வேண்டும்.

சாக்கெட் போடுமுன் போல்ட் தலையில் அப்பியிருக்கும் சேற்றையும் கிரீஸையும் சுரண்டி எடுப்பார். கண்ணுக்குத் தெரியாததால், சாக்கெட் முழுசாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அலுமினியப் பிளாக்கில் இரும்பு போல்ட் ஈரத்தோடு வருஷக்கணக்கில் இருந்தால், மரைக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டுவைப்பார். அழுத்தம் கொடுத்ததும் ‘டக்’கென்று சத்தம் வந்தால் போல்ட் இளகிவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல இழுத்துக்கொண்டு வந்தால், அது இளகவில்லை, முறுகுகிறது. அங்கே நிறுத்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். அந்த இடுக்கில் போல்ட் ஒடிந்தால் டிரில் போடக்கூட இடம் கிடையாது. எஞ்சினையே இறக்க வேண்டியதாகிவிடும்.

எல்லாம் கழற்றியும் ஹெட் அசையவில்லை என்றால், எங்கோ ஒரு போல்ட் பாக்கி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை இணைப்புக்குள் செருகி நெம்பவே கூடாது. அந்த சிவிக் ஹெட்டின் தளத்தில் வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே லேத்தில் கொடுத்து மட்டப்படுத்த வேண்டும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு அது. அந்தத் தளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது கேஸ்கெட் போட்டும் கசியும்.

கழற்றிய போல்ட்களை ஒரே டப்பாவில் கொட்டாமல், அட்டையில் எஞ்சின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைப்பார்கள் நல்ல மெக்கானிக்குகள். நீளம் மாறி நீள போல்ட் குட்டைத் துளைக்குப் போனால், அடியில் முட்டி வார்ப்பே விரிசல் விடும்.

சரி, வேலை முடியும்போது என்ன நடக்கிறது? கழற்ற அவ்வளவு கஷ்டப்பட்ட அந்த பிராக்கெட்டைத் திரும்ப மாட்டவும் அதே கஷ்டம்தான். “ஒரு போல்ட் இல்லாட்டி என்ன ஆயிடும்?” என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வண்டியும் ஓடத்தான் செய்யும். ஆனால் தாங்கல் இல்லாத மேனிஃபோல்டு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். நாளடைவில் அதன் கேஸ்கெட் காற்றை விடும், போல்ட் மாட்டும் காது உடையும்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஹெட் வேலைக்கு வண்டியை விட்டால், மெக்கானிக் கேட்கும் நேரத்தைக் கொடுங்கள். அவசரப்படுத்தினால் முதலில் விடுபடுவது இந்த மறைவான போல்ட்தான். வண்டியை எடுக்கும்போது, “பிராக்கெட் எல்லாம் திரும்ப மாட்டியாச்சா, போல்ட் எதுவும் மிச்சம் இருக்கா?” என்று மறக்காமல் கேளுங்கள். முறையாக வேலை செய்தவருக்கு அந்தக் கேள்வி மகிழ்ச்சியைத்தான் தரும். யாருக்கும் தெரியாத இடத்தில் அவர் பட்ட பாட்டை ஒருவராவது கேட்டார் என்று அவருக்கு இருக்கும். அவர் கேட்கும் கூலியில் பெரும்பங்கு அந்த இடத்துக்கு உரியது. பேரம் பேசாமல் கொடுங்கள்.