எஸ்.எஸ்.டி.: இன்று வாங்குவதா, பொறுத்திருப்பதா?

(சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிக்கு எஸ்.எஸ்.டி. வாங்க எண்ணுவோரிடத்து எக்காலத்தும் ஒரு கேள்வி நிற்கின்றது. இன்று கடையிலுள்ளதை வாங்குவதா, அன்றி அடுத்த ஆண்டில் வருமெனப் பேசப்படும் புதியதற்காகப் பொறுத்திருப்பதா என்பதே அது. விடயம் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், படிக்கின்ற வாலிபரொருவர் பல மாதங்களாகச் சேர்த்த பணமும், இரவிருந்து எழுதிய கட்டுரைகளும் இதிற் சம்பந்தப்பட்டிருத்தலால் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் இப்பொருள் செய்யும் வேலையை அறிதல் வேண்டும். பழைய வன்தட்டினுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டொன்று நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றது. ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்குச் சற்று மேலாகும். வேண்டிய தகவல் வாசிக்குந் தலையின் கீழே வந்து சேரச் சராசரி அரைச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர்த் தலையும் உரிய இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டையுங் கூட்டினால் ஒரு தேடலுக்கு 10 மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். மடிக்கணினிகளில் 5400 முறையே சுழலும் தட்டுக்கள் பல. அவை இன்னும் மந்தமானவை. எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வது ஒன்றுமில்லை. ஜப்பானிலே தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய பூஜியோ மசுஓக்கா என்பார் 1984 இல் உலகுக்கு அறிவித்த 'பிளாஷ்' நினைவகமே அதன் உள்ளுறுப்பு. சிலிக்கன் துண்டிலே மின்னேற்றமாகப் பதிந்துள்ள தகவலை எடுக்க 0.1 மில்லிசெக்கனளவு போதும். ஏறக்குறைய நூறு மடங்கு வேகம்! கணினியைத் திறந்தவுடன் ஆயிரக்கணக்கான சிறு சிறு தேடல்கள் நிகழுமாதலின், வன்தட்டுள்ள கணினி நிமிடக்கணக்கில் முனகிக்கொண்டிருக்க, மற்றையது சில விநாடிகளில் ஆயத்தமாகிவிடுகின்றது.

இனி, காத்திருந்தோரின் கதைக்கு வருவோம். 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் எக்ஸ்25-எம் என்னும் எஸ்.எஸ்.டி.யை வெளியிட்டது. 80 கிகாபைற்றுக்கு 595 டொலர். அதுவும் ஆயிரங் கணக்கில் வாங்குவோர்க்குரிய விலை. 2009 ஜூலையில் அதன் இரண்டாந் தலைமுறை வந்தபோது அதே அளவு 225 டொலருக்கு இறங்கிற்று. பத்து மாதம் பொறுத்தவர் 370 டொலரை மிச்சம் பிடித்தார். அதுமட்டுமோ? அழிக்கப்பட்ட கோப்புகளின் இடம் எது என்பதைக் கணினி எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் 'ட்ரிம்' என்னும் வசதி விண்டோஸ் 7 உடன் அவ்வாண்டு ஒக்டோபரில் வந்தது. நாட்பட வேகங் குன்றாதிருக்க அது உதவுவது. இன்ரெல் அதனை இரண்டாந் தலைமுறைக்கு வழங்கிற்று. முதலில் வாங்கியோர்க்கு வழங்கவேயில்லை. இக்கதையைக் கேட்டோர் பொறுமையே பெருஞ் செல்வம் எனக் கொண்டதில் வியப்பில்லை.

ஆனாற் கதை அங்கு முடியவில்லை. மூன்றாந் தலைமுறை 2010 இன் இறுதியில் வருமெனச் செய்தி பரவிற்று. பலர் அதற்காகக் காத்திருந்தனர். வந்ததோ 2011 மார்ச்சு மாத இறுதியில், பெயர் 320. 80 கிகாபைற்று 159 டொலர். 2010 தொடக்கத்திலிருந்து காத்திருந்தவர் ஓராண்டுக்கு மேலாகச் சுழலுந் தட்டோடு மல்லாடி மிச்சம் பிடித்தது 66 டொலர். அவ்வாண்டிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. மின்சாரம் திடீரென நின்றபின் 320 வகையிற் சில தம்முடைய கொள்ளளவு 8 மெகாபைற்று எனக் காட்டத் தொடங்கின. அதிலிருந்த தகவல் எட்டாமற் போயிற்று. இன்ரெல் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் உள்மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது; இழந்த கோப்புகளைத் திருத்தம் மீட்டுத் தராதன்றோ. புதியது வந்தவுடன் முதலில் வாங்குவோர் பிறருக்காகப் பரீட்சித்துக் கொடுக்கிறார்கள் என்பது எம் கருத்து. ஆதலின், புதியதற்காகக் காத்திருப்பவர் அது வந்தபின்னும் சில மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். அக்கணக்கை எவரும் முன்கூட்டிப் போடுவதில்லை.

வருமெனச் சொல்லப்பட்டது வந்தும் பயன்படாது போவதுமுண்டு. 2015 ஜூலையில் இன்ரெல், மைக்ரோன் ஆகிய இரு நிறுவனங்களுங் கூடி, பிளாஷிலும் ஆயிரம் மடங்கு வேகமுள்ள நினைவகத்தைக் கண்டதாக அறிவித்தன. 2017 இல் 'ஒப்ரேன்' என்னும் பெயரோடு கடைக்கு வந்த சாதனங்கள் விரைவானவையே; ஆனால் விலை கூடியவை, கொள்ளளவு குறைந்தவை. ஆயிரம் மடங்கு என்பதையும் வாங்கியவர் எவருங் காணவில்லை. 2022 ஜூலையில் இன்ரெல் அத்தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது.

வேகத்தின் எண்களைக் கண்டு மயங்குவோர்க்கும் ஒரு வார்த்தை. சாற்றா இணைப்பிலுள்ள எஸ்.எஸ்.டி. செக்கனுக்கு 550 மெகாபைற்று வரை படிக்கும். பின்னர் வந்த என்.வி.எம்.இ. வகைகள் 3500, 7000 என ஏறி, 14000 வரையுஞ் சென்றுவிட்டன. பெரிய திரைப்படக் கோப்புகளை நாள்தோறும் வெட்டி ஒட்டுவோர்க்கு இது நன்மையே. கட்டுரை எழுதுவோர்க்கும் கணக்குப் பார்ப்போர்க்கும் 550 இற்கும் 7000 இற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மேலும், சாற்றா இணைப்பு மட்டுமுள்ள பழைய மடிக்கணினியில் என்.வி.எம்.இ. பொருந்தவே மாட்டாது. அடுத்த ஆண்டு எவ்வளவு விரைவானது வந்தாலென்ன? உங்கள் கணினியின் வாயில் எதுவோ அதற்கேற்றதையே வாங்கலாம். கடைக்குப் போகுமுன் அதனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை இறங்கியே தீரும் என்பதும் விதியன்று. 2011 இற் தாய்லாந்தில் வெள்ளம் தொழிற்சாலைகளை மூடியபோது வன்தட்டின் விலை ஏறிற்று. 2023 இல் உற்பத்தியாளர் பிளாஷ் உற்பத்தியைக் குறைத்தனர். அதன்பின் அதன் விலை ஏறிற்று. நம் நாட்டவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிற்று. டொலரில் விலை இறங்குமெனப் பொறுத்திருந்தவர் அவ்வாண்டில் எதனைக் கண்டார் என்பதை யாம் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே யாம் கேட்கச் சொல்வது 'அடுத்து வருவது எது?' என்பதன்று, 'இன்று உங்கள் கணினியில் இருப்பது எது?' என்பதே. சுழலுந் தட்டு இருக்குமாயின் இன்றே மாற்றுக. நூறு மடங்கு என்னும் பெரும் படியை ஏறாது, அதற்கு மேலுள்ள சிறு படிகளை எண்ணி நிற்றல் ஆகாது. பழுதுறாத எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே இருக்குமாயின், இடம் போதாமற் போகும்வரை தாராளமாகப் பொறுத்திருக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்போர் மிகச் சிலரே.

மாற்றுகின்றவர்கள் கழற்றிய வன்தட்டை எறிந்துவிட வேண்டாம். சிறு விலைக்குக் கிடைக்கும் உறையொன்றில் இட்டு, கட்டுரைகளின் இரண்டாம் பிரதியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வேலைக்கு எஸ்.எஸ்.டி.யினும் அதுவே ஏற்றது. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியிற் கிடக்கும் எஸ்.எஸ்.டி., தன்னிலுள்ள மின்னேற்றத்தை மெல்ல மெல்ல இழக்கக்கூடியது.